மூன்று முறை வேலி தாண்டியவன்

மச்சான்,

இன்று காலை கண் ஆஸ்பத்திரியில் என் தலையைப் பிடித்து ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் வைத்தார்கள். கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது. தாடையை ஒரு தாங்கியில் ஊன்றி, ஒரு கண்ணை மூடி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். நடுவிலுள்ள மஞ்சள் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டுமாம். ஓரத்தில் எங்கே வெளிச்சம் மினுக்கினாலும் அழுத்த வேண்டுமாம். என் கையில் பொத்தானைக் கொடுத்தால் நான் சும்மா இருப்பேனா, சொல். எழுபது வயதிலும் என் கட்டைவிரலுக்கு இந்தத் தீவில் போட்டி கிடையாது. படபடவென்று அடித்தேன்.

நர்ஸ் நம் தமிழ்ப் பிள்ளை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினாள். "அங்கிள், லைட் வராதப்பவும் பிரெஸ் பண்றீங்க. மெஷின் கண்டுபிடிச்சிரும்லா. தெரிஞ்சா மட்டும் அழுத்துங்க, போதும்."

மறுபடி தொடங்கினாள். இந்த முறை முதல் வெளிச்சம் இடது ஓரத்தில் வந்தது. பார்த்தேன். அழுத்தவில்லை. அடுத்ததும் இடது ஓரம்தான். விரல் அசையவில்லை. "போதும்" என்று அவள் சொன்னது அந்தக் கிண்ணத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் குரல் அவளுடையதாக இல்லை. உன்னுடையதாக இருந்தது. நெற்றி வேர்த்துவிட்டது. பிள்ளை பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பசி மயக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன். காலையில் ஆறு இட்லி தின்றுவிட்டுப் போனவன்.

நீ போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதுவதில் ஒரு தொல்லை இருக்கிறது. ஈசூன் காப்பிக்கடையில் நான் விடும் கதை எதுவும் உன்னிடம் செல்லாது. நீ கூடவே இருந்தவன். அதனால் நடுநடுவே திருத்திக்கொண்டே போவேன். பொறுத்துக்கொள்.

நம் யார்டு வடக்குக் கரையில் இருந்தது. கப்பலைத் தண்ணீரிலிருந்து தூக்கி, வயிற்றைச் சுரண்டி, புதுப் பெயிண்ட் பூசி அனுப்புகிற இடம். எழுபதுகளில் நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் அங்கே சேர்ந்தோம், இரும்புத் தகட்டுக்குக் கொக்கி மாட்டுகிற வேலைக்கு. சில வருடம் கழித்துக் கிரேன் ஓட்ட ஆள் எடுத்தார்கள். இருவரும் பரீட்சை எழுதினோம். நீ பாஸ். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், கேள்வித்தாளோ இங்கிலீஷில். கேள்வியே சரியில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நீ மேலே ஏறினாய். நான் கீழே சிக்னல்மேன் ஆனேன். சும்மா சொல்லக்கூடாது, சிக்னலில் எனக்கு நிகர் யாருமில்லை. நான் விசில் அடித்தால் ஜலசந்திக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் நாய் எழுந்து நிற்கும். சரி, நம் கேண்டீன் நாய் எழுந்து நிற்கும்.

யார்டின் பொது மொழி மலாய். கொக்கி மாட்டி முடித்ததும் நான் மேலே பார்த்து "நம்பா?" என்று கத்துவேன். தெரிகிறதா என்று அர்த்தம். நீ கண்ணாடிக் கூண்டிலிருந்து "நம்பா" என்பாய். தெரிகிறது. அதன் பிறகுதான் சுமை தரையை விட்டு எழும். தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் நம்பாதே என்பதுபோல விழும். நீதான் ஒரு நாள் சொன்னாய்: "நம்பா நம்பான்னு கத்திக்கிட்டே ஒருத்தனை ஒருத்தன் நம்புறோம் பாரு, நாம ரெண்டு பேரும்தான் பெரிய லூசு." கூண்டுக்குள் நீ சிரித்தது கீழே வரை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வேறு உலகம். நீ சர்ச்சில் பூசை முடிந்து வருவாய், சலவைச் சட்டையோடு. நான் தேக்காச் சந்தையில் பிராட்டா தின்றுவிட்டுக் காத்திருப்பேன். சிராங்கூன் ரோட்டோரம் ஒரு ஷாப்பிங் சென்டர். அதன் மூன்றாவது மாடியில் வீடியோ கேம் கடை. எண்பதுகளின் நடுவில் அங்கே ஒரு கராத்தே மெஷின் வந்து இறங்கியது. அன்றோடு நம் ஞாயிறுகள் அதற்குச் சொந்தமாயின. ஆளுக்கு இரண்டு குச்சி, பொத்தான் கிடையாது. இரண்டு குச்சியையும் எந்தத் திசையில் சேர்த்து இழுக்கிறோமோ அதற்கொரு அடி. திரையில் ஒருவன் வெள்ளை உடுப்பு, ஒருவன் சிவப்பு. லேசாகப் பட்டால் அரைப் புள்ளி, சுத்தமாகப் பட்டால் முழுப் புள்ளி. முதலில் இரண்டு சேர்த்தவன் ஜெயித்தான்.

மெஷின் வைத்த பெயர் எதுவும் நமக்குத் தெரியாது. நாமே வைத்துக்கொண்டோம். காலைச் சுழற்றி வாரிவிடுவது கூட்டுமாறு. பறந்து நெஞ்சில் உதைப்பது கழுகு. எதிராளியின் தலைக்கு மேலே தாவி, முதுகுப்பக்கம் இறங்கிக் குத்துவது வேலி தாண்டல். அதற்குப் பெயர் வைத்தது நான்.

நான் கழுகாகவே பறந்தேன். டோக்கன் போட்ட ஐந்தாம் நொடியில் பறந்திருப்பேன். நீ அப்படியில்லை. உனக்கு ஒவ்வொரு அடிக்கும் ஒரு தராசு உண்டு. "பட்டா என்ன கிடைக்கும், தவறினா என்ன போகும். ரெண்டையும் கேட்டுட்டு அப்புறம் குச்சியத் தொடு" என்பாய். கூட்டுமாறு பட்டால் அரை. தவறினாலும் காலை இழுத்துக்கொண்டு தடுத்துவிடலாம், மோசமில்லை. கழுகு பட்டால் முழு; தவறினால் குப்புறக் கிடப்பாய், எதிராளி நிதானமாக வந்து முழுசை எடுத்துக்கொண்டு போவான். வேலி தாண்டல்தான் இருப்பதிலேயே மடத்தனம். பட்டால் கிடைப்பது வெறும் அரை. ஆகாயத்தில் இருக்கும்போது ஒரு குத்து விழுந்தால் முழுசும் போயிற்று. "அதப் போடறவன் ஒண்ணு பைத்தியமா இருக்கணும், இல்ல எதிராளி தூங்குறான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாய். நான் பத்து முறை தாவி எட்டு முறை அடி வாங்கினேன். ஒன்பது முறை.

அப்புறம் அந்த மழைக்காலம் வந்தது. கிரேன் ஏணியில் நீ வழுக்கி, உன் பின்மண்டை இரும்பில் மோதியது. நான்தான் உன்னைத் தூக்கி உட்காரவைத்தேன். ரத்தம்கூட வரவில்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாய். டாக்டரிடம் போனால் கிரேனைவிட்டு இறக்குவார்கள், அப்புறம் ஏறுவது எப்போதோ என்று பயந்தாய். இரண்டு வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில், பெயிண்ட் டின்கள் அடுக்கிய சந்தில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னாய்.

"நேராப் பாத்தா வலது பாதி இருக்குடா. இடது பாதி இல்ல. ரெண்டு கண்ணுலயும் அப்படித்தான். இருட்டுன்னு நெனைக்காத. இருட்டா இருந்தா இருட்டுன்னாவது தெரியும்ல. இல்லவே இல்ல."

முந்தின நாள் தட்டில் இடது பக்கம் கிடந்த மீனை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாயாம். மீன் பிடிக்கலையா என்று தங்கச்சி கேட்டபோதுதான் அப்படி ஒரு மீன் இருந்ததே உனக்குத் தெரிந்ததாம். உன் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், இன்றைக்கும். அப்போது அவளுக்கு ஆறாவது மாதம். கிரேன் நாற்காலி போனால் உனக்கு என்ன மிச்சம் என்று நாம் பேசவில்லை. பேசாமலே இரண்டு பேருக்கும் தெரிந்தது. அந்த யார்டில் அவ்வளவு உயரமான கிரேனில் உட்கார்ந்த முதல் தமிழன் நீ. உன் அப்பா உன் கூண்டைப் பார்க்க வேண்டுமென்றே வேலிக்கு வெளியே வந்து நின்றுவிட்டுப் போவார்.

நான்தான் வழி சொன்னேன். இதில் ஒரு நூல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை, மச்சான். வலது பக்கம் உன் கண், இடது பக்கம் என் விசில். நீட்டி அடித்தால் நிறுத்து. இடது பக்கம் ஆள் இருந்தால், ஆளுக்கு ஒரு குட்டை விசில். இரண்டு பேர் நின்றால் இரண்டு, மூன்று பேர் நின்றால் மூன்று. சத்தமில்லை என்றால் காலி. எட்டு மாதம் அப்படி ஓட்டினோம். போர்மேன் கீழேயிருந்து "நம்பா?" என்று கேட்பார். உனக்குப் பாதி உலகம் கிடையாது. ஆனால் "நம்பா" என்பாய். ஒரு தகடு இடிக்கவில்லை, ஒருவன் செருப்பு நசுங்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆளாக இருந்த எட்டு மாதம் அது. என் ஆயுளில் நான் செய்த ஒரே பெரிய வேலை. அதைத்தான் யாரிடமும் பீற்றிக்கொள்ள முடியவில்லை.

கடையிலும் உன் ஆட்டம் மாறியது. முன்பு திரை முழுக்க அலைந்தவன், இப்போது உன் வெள்ளை உடுப்புக்காரனை இடது ஓரத்துக்கே கொண்டுபோய் நிறுத்தினாய். முதுகுக்குப் பின்னால் திரை முடிந்துவிடும். வருவதெல்லாம் வலப்பக்கமிருந்துதான் வரவேண்டும். எவன் பாய்ந்து வந்தாலும் தடுத்துத் தடுத்து, அவன் கை நீளும் நேரம் பார்த்து ஒரு கூட்டுமாறு. அரை. மறுபடி அரை. கடையில் உன்னைச் செவுரு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். என்ன பொறுமை, என்ன கணக்கு என்று வியந்தார்கள். அது கணக்கு மட்டுமல்ல என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அந்த ஓரத்துக்கும் உன் ஆளுக்கும் நடுவே, ஒருவன் இறங்கி நிற்குமளவுக்கு மெஷினே கொஞ்சம் இடம் விட்டிருந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

ஒரு பொது விடுமுறை நாளில் கடைக்காரர் போட்டி வைத்தார். பரிசு, இரண்டு ஸ்பீக்கர் வைத்த கேசட் ரேடியோ. நம் யார்டிலிருந்து ஒரு கூட்டமே வந்தது. ஐந்நூறு பேர் என்று சொல்வது வழக்கம், உனக்காக நாற்பது. நம் போர்மேன் சீனரும் வந்திருந்தார், வாயில் பல்குச்சியோடு. மத்தியானத்துக்குள் மற்றவர்களெல்லாம் தோற்றுவிட, மிஞ்சியது நாம் இரண்டு பேர்.

நீ ஒன்றரை. நான் அரை. உனக்கு இன்னும் ஒரு அரை போதும், ஆட்டம் முடிந்துவிடும். உன் ஆள் ஓரத்தில் செவுராக நின்றான். என் கழுகைத் தடுத்தாய். கூட்டுமாறைத் தடுத்தாய். பின்னால் யாரோ, "மேல உக்காந்து ஓட்டறவன் ஓட்டறவன்தான், கீழ நிக்கிறவன் கீழதான்" என்றான். சும்மா விளையாட்டுக்குச் சொன்னது. கூட்டம் சிரித்தது. நீயும் லேசாகச் சிரித்தாய் என்று நினைக்கிறேன். அப்படித்தான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறேன், சிரிக்காமலும் இருந்திருக்கலாம்.

என் கை தாவியது. உன் தலைக்கு மேலே போய் இடது ஓரத்தில் இறங்கினேன். உன் ஆள் வலது பக்கம் பார்த்தபடி, யாருமில்லாத இடத்துக்கு எதிராகக் கையை உயர்த்தித் தடுத்துக்கொண்டு நின்றான். முதுகில் குத்தினேன். அரை.

முதல் தாவல் என் கை செய்தது. இரண்டாவது நான் செய்தேன். தராசைத் தூக்கிப் பார்த்துவிட்டே செய்தேன்: பட்டால் அரை, தவறினால் ஒன்றுமில்லை, ஏனென்றால் தவறவே தவறாது. மறுபடி தாவினேன். நீ தலையை முழுசாகத் திருப்பி, திரையில் என் ஆளை எங்கே என்று தேடினாய். அதற்குள் இன்னொரு அரை விழுந்துவிட்டது. ஒன்றரைக்கு ஒன்றரை. கூட்டம் ஆடியது. அந்தச் சத்தத்துக்குள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி நீ சொன்னாய்.

"போதும்டா."

நான் மூன்றாவது முறை தாவினேன்.

என்னைத் தோளில் தூக்கினார்கள். இல்லை, தோளில் தட்டினார்கள். என்ன துணிச்சல், ஆகாயத்தில் ஒரு குத்து விழுந்திருந்தால் மொத்தமும் போயிருக்குமே என்றார்கள். போர்மேன் பல்குச்சியை எடுத்துவிட்டு, மூன்று முறையும் எப்படித் தைரியம் வந்தது என்று மலாயில் கேட்டார். கேசட் ரேடியோ என் இடுப்பில் இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"கிரி, தா நம்பா" என்றேன். இடது பக்கம், தெரியாது.

ஆட்டத்தைப் பற்றித்தான் சொன்னேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே உன்னைப் பார்த்தார். நீ அப்போது உன் இடது பக்கம் நின்றிருந்த ஒருவன்மேல் மோதிக்கொண்டு, சாரி சாரி என்று விலகிக்கொண்டிருந்தாய். அவர் சிரிப்பு மெதுவாக நின்றது. துணிச்சல் என்று எல்லாரும் சொன்னார்களே, மச்சான், அதில் துணிச்சலே இல்லை. எதிராளி தூங்குகிறான் என்று தெரிந்து தாவியவன் நான்.

அடுத்த வேலை நாள். நீ கிரேனில் ஏறிவிட்டாய். போர்மேன் என்னிடம் வந்து கையை நீட்டினார். விசிலைக் கேட்டார். கொடுத்தேன். அதை அவர் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மூன்று பேரைக் கூட்டிப்போய்க் கிரேனுக்கு இடது பக்கம், வெட்ட வெளியில் நிறுத்தினார். கொக்கியில் ஒன்றுமே இல்லை, வெறும் கொக்கி.

"நம்பா?" என்று கத்தினார்.

"நம்பா" என்றாய், எப்போதும்போல.

"கிரி, பெராப்பா ஓராங்?"

இடது பக்கம் எத்தனை பேர்.

எனக்கு விசில் வேண்டியதில்லை. இரண்டு விரலை வாயில் வைத்தால் போதும், விசிலைவிடப் பெரிதாக அடிப்பேன்; நீ அதைக் கேட்டிருக்கிறாய். மூன்று குட்டை. அவ்வளவுதான். விரல் உதடு வரை வந்தது. அடித்தால் அது யாருக்கான சத்தம் என்று போர்மேனுக்குத் தெரிந்துவிடும், எட்டு மாதமாகக் கூட்டாளியாக இருந்தவன் நான் என்று தெரிந்துவிடும், இரண்டு பேரும் வெளியே போவோம். வாயில் எச்சில் இல்லை. அதுதான் காரணம் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேலே எந்தப் பதிலும் இல்லை. நீ அந்த விசிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாய். எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதே. நான் சொல்லும் கணக்கு எதையும் நம்ப முடியாது. பிறகு கொக்கி மெதுவாக இறங்கித் தரையில் படுத்தது. இன்ஜின் நின்றது. ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாய். போர்மேன் முன்னால் நின்று "தெரியல" என்று தமிழில் சொன்னாய். அவருக்கு அது புரிந்தது. என் பக்கம் திரும்பிக் கையுறைகளைக் கழற்றி என்னிடம் கொடுத்தாய். கொக்கி மாட்டுகிறவனுக்குத்தானே அது வேண்டும்.

உன்னை அவர்கள் அவமானப்படுத்தவில்லை. டாக்டர் பார்த்தார், போர்டு கூடியது, ஸ்டோரில் வேலை தருகிறோம் என்றார்கள். நீ இரண்டு மாதம் இருந்துவிட்டு விலகினாய். உன் அப்பா யார்டு வேலிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். சிலர் என்னிடம், நீதான் பெரிய விபத்தைத் தடுத்தாய், கொக்கிக்குக் கீழே நடக்கிறவனைக் காப்பாற்றினாய் என்றார்கள். அந்தக் கதையையும் கொஞ்ச காலம் சொல்லிப் பார்த்தேன். நல்ல கதைதான், உண்மையும் அதில் பாதி இருக்கிறது. ஆனால் மூன்று முறை தாவியபோது கொக்கிக்குக் கீழே நடக்கிற எவனையும் நான் நினைக்கவில்லை.

நீ கிராஞ்சிப் பக்கம் ஒரு செடித்தோட்டத்தில் சேர்ந்தாய், பூச்செடிக்குத் தண்ணீர் விட. ஒரே ஒரு முறை வந்து பார்த்தேன். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நின்றேன். அங்கே பஸ் நினைத்தால்தான் வரும். நீ ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தாய். ஒவ்வொரு வரிசையிலும் போகும்போது பாதி, திரும்பி வரும்போது பாதி. இடது பாதிச் செடி விட்டுப்போகாமலிருக்க நீ கண்டுபிடித்த வழி அது. எனக்குத் தேத்தண்ணி வாங்கிக்கொடுத்தாய். தங்கச்சி, குழந்தை, என் மூட்டுவலி எல்லாம் பேசினோம். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். அதற்குப் பதிலாக, புதுச் சிக்னல்மேனுக்கு நான் எப்படி விசில் கற்றுக்கொடுத்தேன் என்று ஒரு மணி நேரம் அளந்தேன்.

பஸ் தூரத்தில் தெரிந்தபோது நீயே எடுத்தாய்.

"தவறினா என்னாகும்னு பாக்கச் சொன்னேன். பட்டா என்னாகும்னும் பாத்திருக்கணும்டா. அத உனக்குச் சொல்லிக்குடுக்க விட்டுட்டேன்."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. தன் கணக்கில் ஒரு தப்பு விட்டுப்போனதுபோலச் சொன்னாய். நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அடுத்த வருடம், அதே ரோட்டில், வேலை முடிந்து எதிர்ப்பக்க பஸ் நிறுத்தத்துக்குக் கடக்கும்போது லாரி மோதியது என்று செய்தி வந்தது. நல்ல வெயில், நேரான ரோடு, மழை இல்லை. சவப்பெட்டியை நான் ஒரு முனையில் தூக்கினேன். எல்லாரும் எல்லாவற்றையும் கேட்டார்கள். எங்கே, எத்தனை மணிக்கு, டிரைவர் யார், உயிர் இருந்ததா. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு பேசுகிற நான் அன்று வாய் திறக்கவில்லை என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்வாள்.

தங்கச்சி என் பிளாக்கில்தான் இருக்கிறாள், எனக்கு மூன்று மாடி கீழே. உன் பையனுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். வருடா வருடம் உன் நினைவுப் பூசைக்குக் கூப்பிடுவாள். நான் விபூதியோடு போய்க் கடைசி வரிசையில் உட்காருவேன். பூசை முடிந்து ஹாலில் தேத்தண்ணி, கறிபப். உன் சொந்தக்காரர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து அந்தப் போட்டிக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். சொல்வேன். என் கதையில் நீதான் ஜெயிப்பாய். நான் தாவுவேன், நீ ஆகாயத்திலேயே என்னைப் பிடித்து ஒரு குத்து, முழுப் புள்ளி, கூட்டம் உன்னைத் தோளில் தூக்கும். முப்பது வருடமாக நான் விட்ட கதைகளில் என்னைத் தோற்கவைத்துச் சொன்னது அது ஒன்றுதான்.

போன மாதம் பூசை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, தங்கச்சி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே பேசினாள்.

"அண்ணே, அவரு தோத்துட்டு வந்த அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. மூணு தடவையும் எப்படித் தாவுனீங்கன்னு கையால காட்டுனாரு. நீங்க அவர ஜெயிக்கவெச்சுச் சொல்றீங்க, பேரப்பிள்ளைங்க கேக்குதுங்க. சொல்லுங்க. எனக்கும் கேக்க நல்லாத்தான் இருக்கு."

நான் ஒரு நாற்காலியை எடுத்து அவள் அடுக்கின்மேல் வைத்தேன்.

"ஆனா இத்தன வருசத்துல, அந்த லாரி எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சுன்னு நீங்க ஒரு தடவகூடக் கேக்கலியே."

 கறிபப் நன்றாக இருந்தது, எந்தக் கடை என்று கேட்டேன். அவள் கடைப் பெயரைச் சொன்னாள். பிறகு, போலீஸ் கொடுத்த பேப்பர் அலமாரியில் இருக்கிறது, அதில் எல்லாம் எழுதியிருக்கிறது, கேட்கத் தோன்றும்போது வாருங்கள் என்றாள். கோபம் எதுவும் இல்லை. அவளுக்கு வயது எழுபதை நெருங்குகிறது. எனக்கும்தான் வயதாகிறது.

வலது பக்கமென்று அந்தப் பேப்பரில் இருந்தால், உனக்கு நன்றாகத் தெரிகிற பக்கத்திலிருந்து வந்தது உன் சாவு; ரோட்டில் சாகிற எல்லாரையும்போல நீயும் ஒருவன், நான் உன் பழைய சிநேகிதன், அவ்வளவுதான். இடது பக்கமென்று இருந்தால், கிரேனில் உனக்கு இடது பக்கம் ஒரு ஆள் இருந்தான், அந்த ரோட்டில் இல்லை. மூன்று மாடி இறங்கினால் தெரிந்துவிடும். இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் போகலாம் என்றுதான் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது நினைத்தேன்; அதனால்தானோ என்னவோ இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிவிட்டது. நான் கேட்காதவரை, மச்சான், அந்த லாரி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்துகொண்டே இருக்கிறது.